மூன்றே மூன்று ஞாயிறு

ஜனவரி மாதம் மிச்சிகன் ஏரியிலிருந்து கிளம்பும் பனிக்காற்று எங்கள் வெங்காயக் காடுகளின் மேல் வந்து விழும்போது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனால் எல்லோரும் முதலில் கூப்பிடுவது டுவேன் வெல்ட்காம்பைத்தான். ஃபர்னஸ் எங்கே இரைகிறது, ஏன் இரைகிறது என்று அடித்தளத்துப் படியில் நின்றபடியே சொல்லிவிடுவார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். எங்கள் காட்டை ஒட்டித்தான் அவர் வீடு. ஆலயத்தில் அவர் குடும்பம் உட்காரும் பெஞ்சுக்குப் பின் பெஞ்சு எங்களுடையது. அதனால் அவர் பிடரியை நான் பார்த்த அளவுக்கு அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்குப் போகமாட்டார். ஏரிக்கரையில் இருந்த ஒரு பெரிய ஹோட்டல் வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லி, ஞாயிறும் வரவேண்டும் என்றபோது, "வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். அதற்காகக் கல்மனசு என்று நினைத்துவிட வேண்டாம். கைக்குழந்தையோ வயசாளியோ குளிரில் கிடக்கிறார்கள் என்று தெரிந்தால், ஆராதனைக்குப் போட்ட கோட்டோடு எழுந்து போவார். சரிசெய்துவிட்டுக் காசு வாங்கமாட்டார். "இது வேலை இல்ல, ஓய்வுநாள்ல ஆட்டுக்குட்டி குழியில விழுந்தா தூக்கிவிடலாம்னு இயேசு சொன்ன கேஸு" என்பார். எங்கள் சபையில் டீக்கன் என்கிற உதவிப் பொறுப்புக்கு அவரை இரண்டு தடவை தேர்ந்தெடுத்தோம்.

வாரம் தவறாமல் அவர் இன்னொன்றும் செய்தார். எவெர்ட் ஸ்டெகிங்க் என்று மனைவியை இழந்த ஒரு கிழவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. நாக்கு மட்டும் போகவில்லை. அவரை ஞாயிறு காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது டுவேன்தான். வழியில் தென்படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். நானும் ஒருநாள் அந்த வண்டியில் இருந்தேன்.

"எவெர்ட், டெ விட் வீட்டு வாசல்ல புது வண்டி நிக்குது. சிவப்பு."

"பழசுக்கு என்ன கேடு? நல்லாத்தானே ஓடிச்சு."

"ஓடிச்சு. ஆனா எதிர்வீட்டுக்காரன் புதுசு வாங்கிட்டான்ல."

"'அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதே'ங்கிற பத்தாவது கட்டளை மட்டும் இல்லைன்னா இந்த ஊர்ல பாதிப் பேருக்குப் பாவம் பண்ண ஒண்ணுமே கெடைக்காது" என்றார் எவெர்ட். டுவேன் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தார்.

டுவேனின் மனைவி ஜோலீன், பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். ஒரே மகள் அன்னிக்கா. பதினொரு வயசிலேயே அம்மாவின் உயரம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாலிபால் விளையாட ஆரம்பித்தாள். அவள் எம்பினால் ஒரு கணம் மேலேயே நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் அதைப் பார்க்கத் தெரியும். பெரிய ஊரில் கிளப் அணி நடத்திக்கொண்டிருந்த கேண்டஸ் என்ற பயிற்சியாளருக்கும் பார்க்கத் தெரிந்தது. நேராக வீட்டுக்கே வந்தாள். நல்ல பெண். மரியாதையாகத்தான் பேசினாள். போட்டிகள் சனி ஞாயிறுகளில்தான் நடக்கும் என்பதை மறைக்கவும் இல்லை.

டுவேன் முடியாது என்றார். கேண்டஸ் காபியைக் குடித்துவிட்டு, "மனசு மாறினா சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

ஒரு வருஷம் அப்படியே போனது. மறு வருஷம் அன்னிக்காவின் சிநேகிதிகள் எல்லோரும் கிளப்பில் சேர்ந்துவிட்டார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள் என்று ஜோலீன் பிறகு என்னிடம் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்களாம். அவள் பேசாமல் அழுததைத்தான் இருவராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மூணே மூணு ஞாயித்துக்கிழமை, டுவேன்" என்றாள் ஜோலீன். "மத்ததெல்லாம் சனிக்கிழமையோட முடிஞ்சிடும்னு கேண்டஸ் சொல்றா. வருஷம் பூரா நாம எங்க இருக்கோம்னு கர்த்தருக்குத் தெரியாதா?"

"மூணுதான்னா சரி, மூணோட நிக்குமா?"

"நீங்க நிறுத்துங்க. நீங்கதானே வீட்டுக்குத் தலைவர்?" என்று ஒரு குத்து குத்தினாள். பிறகு குரல் மாறிச் சொன்னாள்: "எங்கப்பா வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா மூச்சு விடவே பயம். கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது. சைக்கிள் தொடக் கூடாது. என் தங்கச்சி பொம்மைக்குச் சட்டை தைச்சதுக்கு அடுப்புல தூக்கிப் போட்டார். சட்டைய இல்ல, பொம்மைய. என் பொண்ணு தேவனை அப்படித் தெரிஞ்சுக்க வேணாம்."

டுவேன் சம்மதித்துவிட்டார். அந்த மாமனாரை அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஜோலீன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பிற்பாடு எல்லாப் பழியையும் அவள் தலையில் போட்டார்கள்.

முதல் ஞாயிறு இண்டியானாபோலிஸில். பொருட்காட்சி நடத்துகிற பெரிய கூடம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வலைகள் கட்டி, ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்ததாம். விசில் சத்தம், பந்து அறைகிற சத்தம், சோளப்பொரி வாசனை. டுவேன் என்னிடம் சொன்னது இது:

"வில்மா, திருடப் போறவன் மாதிரி பயந்துக்கிட்டேதான் உள்ள போனேன். அங்க பாத்தா எல்லாரும் நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்க. மடக்கு நாற்காலி கொண்டுவந்திருக்காங்க. ஒருத்தர் சாண்ட்விச்சை இன்னொருத்தருக்குப் பிச்சுக் குடுக்கறாங்க. ஒரு பொண்ணு கால் சுளுக்கி விழுந்தா, பெத்தவ மாதிரி நாலு பேர் ஓடறாங்க. நம்ம சபையில யாராவது எப்பவாவது அழுது கட்டிப்பிடிச்சுப் பாத்திருக்கியா? அங்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டிப்பிடிக்கறாங்க."

கடைசி ஆட்டத்தில் அன்னிக்கா எம்பி அடித்த பந்து எதிரணிக் களத்தின் மூலையில் விழுந்தது. கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று கத்தினார்களாம். டுவேனும் தொண்டை கட்டும்வரை கத்தினாராம். அவ்வளவு சத்தமாக ஆலயத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை, ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தும்.

அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதனால்தான் அதை எதிர்த்து நிற்பது கஷ்டமாயிற்று.

முதல் வருஷம் அவர்கள் ஹோட்டல் அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குப் போனார்கள். அடுத்த வருஷம் அது வண்டியில் நடந்தது. ஜோலீன் வாசிக்க, டுவேன் ஓட்ட, பின் சீட்டில் அன்னிக்கா காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். அதுவும் எப்போது நின்றது என்று மூவருக்கும் ஞாபகம் இல்லை. மூன்று ஞாயிறு ஆறாகி, பிறகு குளிர்காலம் முழுவதும் ஆகி, வசந்தமும் சேர்ந்துகொண்டது. கோடையில் பயிற்சி முகாம். இலையுதிர் காலத்தில் ஞாயிறு கிடைத்தால், "பிள்ளை களைச்சுப் போயிருக்கா, தூங்கட்டும்" என்று வீட்டில் இருந்தார்கள்.

டீக்கன் பதவிக்காலம் முடிந்தபோது அவர் பெயரை யாரும் மறுபடி முன்மொழியவில்லை. அவரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கேலி செய்யாமலும் இல்லை எங்கள் ஆட்கள். ஆராதனை முடிந்து காபி குடிக்கிற இடத்தில் எப்போதாவது தலை காட்டினால், "என்ன டுவேன், பந்துக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். கேலி செய்தவர்களில் பாதிப் பேர் ஜூன் பிறந்துவிட்டால் ஏரிக்கரைக் காட்டேஜுக்குப் போய், செப்டம்பர் வரைக்கும் ஆலயத்துப் பக்கம் வரமாட்டார்கள். படகுக்குத் துணி போர்த்திய பிறகுதான் அவர்களுக்குக் கர்த்தர் ஞாபகம் வரும்.

எங்கள் போதகர் நீல் ஹாவெமன் ஒருநாள் மாலை அவர்களைப் பார்க்கப் போனார். அன்றைக்குத்தான் டுவேனின் குரல் உயர்ந்து நாங்கள் முதல்முறையாகக் கேட்டது. தோட்டத்தில் நின்றிருந்த எனக்கே கேட்டது.

"பாஸ்டர், நான் பார்ல உக்காந்திருக்கேனா? சூதாடறேனா? பெத்த பொண்ணுகூட இருக்கேன். காட்டேஜ் வச்சிருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய் இதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் ஹாவெமன். "அவங்களும் இதையேதான் சொன்னாங்க, டுவேன். 'வெல்ட்காம்பே ஆலயத்துக்கு வர்றதில்லையே'ன்னு."

அடுத்துப் போதகரின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

எவெர்ட்டை ஆலயத்துக்குக் கூட்டி வருவது என் வேலையாயிற்று. நான் வழியில் எதையும் விவரிக்கவில்லை என்று அவருக்குக் குறை. "வில்மா, நீ வண்டி நல்லா ஓட்டற. ஆனா உன் பக்கத்துல உக்காந்தாத்தான் எனக்குக் கண்ணு தெரியலன்னே தோணுது" என்றார் ஒருநாள். டுவேனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். அவர் வீட்டு ஃபர்னஸைப் பார்க்க டுவேன் வந்தால் அன்னிக்காவின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுத் துளைப்பாராம். யார் அடித்தது, யார் தடுத்தது, கூட்டம் எப்படிக் கத்தியது என்று. டுவேனுக்கு அது சாட்டையடியைவிட மோசமாக இருந்ததாம், ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாராம். கிழவர் அவ்வளவு ஆசையாகக் கேட்டார்.

அன்னிக்காவை வாலிபால் ஆட நெப்ராஸ்காவில் ஒரு கல்லூரி அழைத்துக்கொண்டது. படிப்புச் செலவு முழுவதையும் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. ஊரே வாழ்த்தியது. நானும் கேக் செய்து கொண்டுபோனேன். ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன.

செப்டம்பர் முதல் ஞாயிறு டுவேன் தனியாக ஆலயத்துக்கு வந்தார். அன்றைக்குத் திருவிருந்து, கிறிஸ்துவின் நினைவாக ரொட்டியும் திராட்சை ரசமும் பகிர்கிற நாள். அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில், சபைக்குப் புதிதாக வந்த ஒரு இளம் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் தவறு இல்லை. அவர் ஒரு விருந்தாளி மாதிரி சற்று நின்று பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொட்டித் தட்டு வந்தது. எடுத்துச் சாப்பிட்டார். கிண்ணம் வந்தது. குடித்தார். பாட்டு முடிந்து வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் என் தோளைத் தொட்டார்.

"வில்மா, உள்ள ஒண்ணுமே நடக்கல."

"என்ன நடக்கல?"

"ரொட்டி ரொட்டியா இருந்துச்சு. அவ்ளோதான். ஜெபம் பண்ண கண்ணை மூடினா, அன்னிக்கா டீம் எந்த இடத்துல இருக்குன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கீங்க இல்லையா" என்று ஏதோ உளறினேன்.

வீட்டுக்குப் போய் ஜோலீனை அடுத்த வாரம் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் வாசல் நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தாளாம். கோபமே இல்லாமல் சொன்னாளாம்: "எனக்குத் தேவன் மேல கோபம் கீபம் எல்லாம் இல்ல, டுவேன். யாரும் என்னைப் புண்படுத்தவும் இல்ல. ஆனா அது இல்லாம இருக்கறது எனக்கு ஒண்ணும் குறையாத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க போங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன் என்றார் டுவேன்.

மறு வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அன்னிக்கா வந்திருந்தாள். அவள் வயசுப் பிள்ளைகள் சபையின் முன் விசுவாச அறிக்கை செய்கிற நாளைப் போதகர் அறிவித்திருந்தார். சாப்பாட்டு மேசையில் டுவேன் அதைப் பற்றிப் பேச்செடுத்தார். அங்கே நடந்ததை அவர் என்னிடம் சொன்னது எங்கள் வீட்டு அடித்தளத்தில், ஃபர்னஸ் முன்னால் மண்டி போட்டு பர்னரைத் துடைத்துக்கொண்டே. என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

"நான் செய்யலப்பா" என்றாளாம் அன்னிக்கா. "எனக்கு நம்பிக்கை இல்லாத ஒண்ணை எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?"

"நம்பிக்கை இல்லையா? உன்னை விசுவாசத்துலதானே வளர்த்தோம்?"

அவள் திகைத்துப் பார்த்தாளாம். விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்கிற மாதிரி.

"அப்பா, எனக்கு ஒருநாள் காய்ச்சல் அனலா அடிச்சுது. மாத்திரை குடுத்து, போர்வையில சுத்தி, சிகாகோவுக்கு ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஞாபகம் இருக்கா? அதே வருஷம் லேசா மூக்கு ஒழுகினப்ப, ஆலயத்துக்கு வேணாம், படுத்துக்கோ, அடுத்த வாரம் ஆட்டம் இருக்குன்னு சொன்னீங்க. நான் குறை சொல்லலப்பா. எது முக்கியம்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. நான் நல்லாக் கத்துக்கிட்டேன். அவ்ளோதான்."

ஜோலீன் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்னிக்கா சொன்ன ஒவ்வொன்றும் நடந்ததுதான்.

"ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியல, வில்மா, அவ சொன்னதுல" என்றார் பர்னரைப் பார்த்தபடி. "என்னை யாரும் வந்து இயேசுவை விட்டுடுன்னு சொல்லல. சொல்லியிருந்தா கழுத்தைக் குடுத்திருப்பேனே தவிர விட்டிருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆட்டத்துக்கு வந்து நில்லுன்னுதான் கேட்டாங்க. நான் போய் நின்னேன்."

எரிவாயுவைத் திறந்து பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. தன் பெட்டியை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஆலயத்துக்கு வந்தார். உள்ளே ஏதாவது நடந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்தார், உட்கார்ந்தார், போனார். பிப்ரவரியில் பனிப்புயல் ஓய்ந்த ஒரு வாரத்தில், மகளைப் பார்க்க நெப்ராஸ்காவுக்குத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனார். ஜோலீனிடம்கூட எதற்கு என்று சொல்லவில்லை.

கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றுண்டிக் கடையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டுவேன் வழி நெடுக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். தான் அவளுக்குத் தப்பான வழி காட்டிவிட்டதாகவும், அதற்கு மன்னிப்புக் கேட்க வந்ததாகவும்.

அன்னிக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எதுக்கு மன்னிப்பு? என் வாழ்க்கையிலேயே நல்லா இருந்த காலம் அது. இப்ப வந்து நீங்க அழுதா, நான் ஆடின ஒவ்வொரு ஆட்டமும் உங்களுக்குப் பாவக் கணக்கா ஆயிடுச்சுன்னு அர்த்தம். அப்ப நான் யாரு? உங்க பாவமா?"

"அப்படி இல்லம்மா."

"பின்ன எப்படி?"

டுவேன் அப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிற மேப்பிள் பாகு ஜாடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் சொன்னார்:

"ஆட்டம் பாவமில்ல. உன்னை நான் கும்பிட்டேன், அன்னிக்கா. ஆலயத்துல உக்கார்ற மாதிரி அந்த மடக்கு நாற்காலியில உக்காந்து உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ ஜெயிச்சா அந்த வாரம் எனக்கு உசிரு. தோத்தா செத்த வாரம். ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு மேல வைக்கிற சுமையா அது?"

அன்னிக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "உங்களுக்குத் தெரியாது இல்ல?" என்றாள்.

"என்னது?"

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி நான் கழிவறையில போய் வாந்தி எடுப்பேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும். கேண்டஸுக்குத் தெரியும். அம்மாவுக்குக்கூட கொஞ்சம் தெரியும்னு நெனைக்கிறேன். தோத்துடுவேன்னு பயம் இல்லப்பா. பந்தைத் தவறவிட்டா உங்க முகம் விழுமே, அதைப் பாக்கறதுக்குப் பயம். அதனால நான் உங்க பக்கம் திரும்பினதே இல்ல."

அத்தனை வருஷமும் டுவேன், அவள் தன்னைப் பார்த்துக் கையசைக்காதது ஆட்டத்தில் கவனமாக இருப்பதால் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

இருவரும் அழுதார்கள். ஒன்றும் தீர்மானமாகவில்லை. மகள் ஆலயத்துக்குத் திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. சாப்பாட்டுக்கு அவள்தான் காசு கொடுப்பேன் என்று அடம்பிடித்துக் கொடுத்தாள். வண்டி வரைக்கும் வந்து, கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் தன் கையுறையால் துடைத்துவிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு டுவேனிடம் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. சின்னச் சின்னதாகச் சிலவற்றைப் பார்த்தேன். சபையில் மறுபடி டீக்கனாக நிற்கச் சொன்னபோது, "இப்ப வேணாம், நானே இன்னும் புதுசா வந்து சேர்ற ஆளாத்தான் இருக்கேன்" என்றார். எவெர்ட் அதற்குள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார், படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. ஞாயிறு மதியம் டுவேன் அங்கே போய் உட்கார்ந்து, அன்றைய பிரசங்கத்தில் தனக்குப் புரிந்ததைச் சொல்லுவார். "உனக்குப் புரிஞ்சதுன்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமே" என்பாராம் கிழவர். உண்மையில் அப்படித்தான் முடிந்துவிடுமாம். மீதி நேரம் வெங்காய விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஜெபம் வந்ததா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "வரவழைக்க முடியல" என்றார். "அதனால போய் உக்காந்துக்கறேன். 'நான் வந்திருக்கேன்'னு சொல்றேன். அதுக்கு மேல போகல இன்னும். ஆனா பொய் சொல்லல."

ஜோலீனை அவர் எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிறு மதியம் அவளே கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் வந்து உட்கார்ந்தாள். "ஆலயத்துக்கு இல்ல. கிழவனைப் பாக்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவளும் அங்கே போய்க்கொண்டிருந்தாள். எவெர்ட்டுக்கு நகம் வெட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையில் கத்தரியைக் கையில் எடுக்கிறாள் என்று கிழவர் கேலி செய்ததற்கு, என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சிரித்தாளாம்.

அந்த அக்டோபரில் எவெர்ட் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்க ஆராதனைக்கு அன்னிக்கா நெப்ராஸ்காவிலிருந்து வந்தாள். எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்தாள், பாட்டுகளைப் பாடவில்லை. பிறகு கீழ்த்தளத்துச் சமையலறைக்கு வந்து, "என்ன செய்யணும்?" என்று கேட்டாள். ஒரு ஏப்ரனைக் கொடுத்தோம். பன்றித்தொடைத் துண்டுகளை ரொட்டிக்குள் வைத்து அடுக்கித் தட்டுத் தட்டாக எடுத்துப்போய்ப் பரிமாறினாள். சபைக் கிழவிகள் அவள் உயரத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். "என் ஒவ்வொரு ஆட்டத்தையும் அப்பாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட மனுஷன்" என்றாள் என்னிடம். "தோத்ததையும் கேட்பாராம். அவருக்கு ரெண்டும் ஒண்ணுதானாம்." சொல்லிவிட்டுக் குழாயடியில் திரும்பி நின்று பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

நவம்பரில் நன்றி செலுத்தும் நாளுக்கு வெல்ட்காம்ப் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். என் கணவர் ஆர்லோ போனதிலிருந்து அந்த நாளில் யாராவது கூப்பிடுவார்கள், அந்த வருஷம் அவர்கள் முறை. வான்கோழி, உருளைக்கிழங்கு, ஜோலீன் செய்த பாதாம் அப்பம். அன்னிக்கா தன்னுடன் படிக்கிற மெரிட் என்ற இளைஞனைக் கூட்டி வந்திருந்தாள். அவனுக்குச் சபை, ஆலயம் எதுவும் பழக்கமில்லை. எல்லோரும் எப்போது சாப்பிட ஆரம்பிப்பார்கள் என்று ஃபோர்க்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அன்னிக்கா மேசைக்கடியில் அவன் காலை ஒரு தட்டுத் தட்டினாள். அவன் ஃபோர்க்கைக் கீழே வைத்தான்.

டுவேன் ஜெபிக்க ஆரம்பித்தார். பல வருஷம் டீக்கனாக இருந்தவருக்கு அழகாக, தடையில்லாமல் ஜெபிக்கத் தெரியும். நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது வரவில்லை. "கர்த்தாவே" என்றார், நிறுத்தினார். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். மறுபடி நிறுத்தினார். "இந்த மேசையில இருக்கிற ஒவ்வொருத்தரும்..." என்று தொடங்கி அதையும் முடிக்கவில்லை. மெரிட் தொண்டையைச் செருமினான்.

என்னால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. திறந்து பார்த்தேன். அன்னிக்கா கண்ணை மூடவே இல்லை. நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பந்தைப் பார்க்கிற மாதிரி அசையாமல். டுவேனும் கண்ணைத் திறந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் விழவில்லை. அவளும் திரும்பிக்கொள்ளவில்லை.

அப்படியே அவளைப் பார்த்தபடியே மெதுவாக மீதி ஜெபத்தைச் சொல்லி முடித்தார். ஜோலீன் ஆமென் என்றாள். நானும் சொன்னேன். அன்னிக்கா உருளைக்கிழங்குக் கிண்ணத்தை எடுத்து, முதலில் அப்பாவின் தட்டில் பரிமாறினாள்.